பெட்டிக்காரியின் உயரம்

சட்டப் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்தபோது ஆன் மேரிக்கு ஒரே ஒரு அரியர் இருந்தது. சாட்சியச் சட்டம். கம்பெனிச் சட்டத்தில் தேறிவிட்டாள், நிர்வாகச் சட்டத்தில் தேறிவிட்டாள், வகுப்பே நடுங்கிய வரிச் சட்டத்தில்கூட எழுபதைத் தொட்டிருந்தாள். சாட்சியத்தில் விழுந்ததற்குக் காரணம் பாடம் விளங்காதது அல்ல. அவள் அதைப் படித்த சமயத்தில்தான் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சரக்கு பெரும்பாலும் அதேதான், பிரிவு எண்கள்தான் இடம் மாறியிருந்தன. சீனியர்களிடம் வாங்கிய பழைய புத்தகத்தை வைத்து அவள் அத்தனை எண்களையும் நெட்டுருப் போட்டிருந்தாள். தேர்வுத் தாளில் அவற்றை அருவியாகக் கொட்டினாள். கேட்டதோ புதிய எண்கள்.

"நம்பரு தப்பா பாத்து ஏறுனா விழுப்புரம் போக வேண்டியவ சேலத்துலதான் போய் நிக்கணும்" என்றாள் அக்கா லீமா. அன்றிலிருந்து அவளுக்கு ஆன் மேரி 'அரியர் வக்கீல்' ஆகிவிட்டாள்.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டை ஒட்டி லீமாவின் பொம்மை ஷெட் இருந்தது. பீங்கான் பொம்மைகள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கு சூசையப்பரும் மாதாவும் ஆட்டுக்குட்டிகளும். வங்கிக் கடனுக்காகக் கூட்டு நிறுவனமாகப் பதிந்தபோது இன்னொரு பெயர் தேவைப்பட்டது, தங்கையின் பெயரை எழுதிவிட்டாள் லீமா. அந்த ஒற்றைக் கையெழுத்தைத் தவிர ஆன் மேரி அங்கே செய்ததெல்லாம் விடுமுறை நாட்களில் கத்தியும் ஈரப் பஞ்சுமாக உட்கார்ந்து பொம்மைகளைத் துடைத்துக் கொடுத்ததுதான்.

இந்தப் பொம்மைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு நடந்தது எளிதாக விளங்கிவிடும். முதலில் லீமா களிமண்ணில் கையாலேயே ஓர் உருவத்தைச் செய்வாள். அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றி, இரண்டு பாதிகளாகக் கழன்று வரும் மோல்டு எடுப்பாள். பாதிகளைச் சேர்த்து, டயர் டியூப் வாரால் இறுக்கிக் கட்டி, கஞ்சி பதத்தில் கரைத்த மண்ணை உள்ளே ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தாகமுள்ள பொருள். மண்ணில் இருக்கும் நீரை அது உறிஞ்ச உறிஞ்ச, மோல்டின் சுவரை ஒட்டி மண் தோலாகப் படியும். தோல் போதுமான கனத்துக்கு வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். கொஞ்சம் காய்ந்ததும் அது சுருங்கித் தானாகவே சுவரை விட்டுக் கழன்றுகொள்ளும். பிசிறுகளைக் கத்தியால் சீவி, காய வைத்து, சூளையில் ஏற்றினால், நெருப்பில் இன்னொரு முறை சுருங்கும். ஆக, மோல்டுக்குள் இருந்த உயரத்தில் எட்டில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டுத்தான் ஒரு பொம்மை வெளியே வருகிறது. அந்த ஊரில் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல. வெயிலில் போட்ட வடாம் சுருங்குவதைப் போலத்தான்.

லீமாவின் பெயரைச் சொன்ன சரக்கு 'ஜங்ஷன் செட்'. டீ விற்பவர், சிவப்புச் சட்டை போர்ட்டர், தண்டவாளத்தை எட்டிப் பார்க்கும் ஆடு, இவர்களுக்கு நடுவே பெட்டிமேல் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்திருக்கும் ஒரு பெண். ரயில் வருமா வராதா என்ற கவலைகூட அற்றுப்போன முகம் அது. விருத்தாசலம் ஜங்ஷனில் ஒருமுறையாவது காத்திருந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிடுவார்கள். அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பெட்டிக்காரி.

ஆவணி பிறந்திருந்த ஒரு காலையில் பெட்டிக்காரிகள் பலகை பலகையாக அரை ஈரத்தில் நின்றிருந்தார்கள்.

"கட்டிய சீவுனியா?" என்று கேட்டாள் லீமா.

"சீவிட்டேன்க்கா."

"இவளுக்கு இருக்குது பாரு. அரியர் வக்கீலு கண்ணுல படல போல."

பெட்டியின் பின்பக்கம், அடியில் வலது மூலையில், மிளகளவு ஒரு கட்டி. மோல்டு புதிதாக இருந்தபோதே அந்த மூலையில் உள்ளே சின்னதாகப் பெயர்ந்துவிட்டது. பள்ளத்தில் மண் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையிலும் கட்டியாக வரும். ஈரம் முற்றும் போவதற்குள் கத்தியால் சீவிவிட்டால் தடமே தெரியாது. சீவாமல் சூளைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், செகண்ட்ஸ் என்ற குறைச் சரக்கு. ஒரே ஒரு முறை அப்படிப் போயிருக்கிறது. தை மாதம் கோணான்குப்பம் மாதா கோயில் திருவிழாவில் கடை போடும் அவசரத்தில் முதல் ஈடு முழுவதும் கட்டியோடு வெந்துவிட்டது. லீமா அவற்றைத் திருவிழாக் கடையில் செகண்ட்ஸ் கூடையில் போட்டு வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு கட்டியோடு ஒரு பெட்டிக்காரியும் ஷெட்டை விட்டு வெளியே போனதில்லை.

கோர்ட்டு அமீனா பைக்கில் வந்து இறங்கியது அப்போதுதான்.

சென்னையில் கடைகள் வைத்து, இணையத்திலும் கொலு பொம்மை விற்கும் ஒரு கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. பெட்டிமேல் உட்கார்ந்த பெண்ணின் வடிவம் அவர்களுடையது, சித்திரை மாதமே அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள், லீமாவும் ஆன் மேரியும் அதைத் திருடிச் செய்து விற்கிறார்கள். வழக்கு முடியும்வரை இவர்கள் அந்தப் பொம்மையைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று இடைக்காலத் தடை வேண்டும்.

லீமா காகிதத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஒரு பெட்டிக்காரியைக் கையில் எடுத்தாள்.

"நான் திருடினேன்னு எழுதியிருக்குதா மேரி?"

"அவங்க அப்படிச் சொல்றாங்கக்கா. சொல்றது வேற."

* * *

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த வளவன் வக்கீல் காகிதங்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், அவசரப்படாதவர்.

"சர்ட்டிபிகேட் வச்சிருக்கான்மா. கோர்ட்டு முதல்ல அதத்தான் பாக்கும். நான் சொல்றதக் கேளுங்க. இந்த ஒரு பொம்மைய மட்டும் செய்யலன்னு எழுதிக் குடுத்துட்டு மத்தத வித்துக்குங்க. சீசன் தப்பிக்கும்."

"அவ இல்லாம அது என்னா சார் ஜங்ஷனு? டீக்காரரும் ஆடும் யாருக்காக நிக்கும்?" என்றாள் லீமா. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போக வேண்டிய செட்டுகள் ஷெட் முழுக்க அடுக்கிக் கிடந்தன. பெட்டிக்காரி இல்லாமல் அவற்றை ஒரு கடைக்காரரும் எடுக்க மாட்டார். இந்த நவராத்திரி போனால் அடுத்த நவராத்திரிக்கு ஷெட் இருக்காது.

ஆன் மேரிக்கு வேறொன்று உறுத்தியது. "சார், எழுதிக் குடுத்தா அது எங்க ஒப்புதல் மாதிரி ஆயிடும். நாளைக்கி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அதையே எடுத்து நீட்டுவாங்க. எங்க அக்கா காப்பியடிச்சவன்னு அவளே சொன்ன மாதிரி."

வளவன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "படிச்சிருக்க."

"நாங்களே வாதாடலாமா சார்? எம்பேரும் பிரதிவாதியா இருக்குது."

"அவங்கவங்க கேஸ அவங்கவங்க பேசலாம், சட்டத்துல எடம் இருக்குது." அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "அரியர் இருந்தா பேசக் கூடாதுன்னு எங்கேயும் எழுதி வைக்கல."

ஆன் மேரி அக்காவை முறைத்தாள். லீமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அன்று மாலை ஆன் மேரி கல்லூரிக் குறிப்புகளையெல்லாம் தரையில் பரப்பிக்கொண்டாள். வகுப்பில் இவை தனித்தனிப் பாடங்கள். தனித்தனி ஆசிரியர், தனித்தனித் தேர்வு. ஒன்று மற்றொன்றோடு பேசியதே இல்லை. வழக்குக் காகிதத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் அவற்றை வைத்தபோதுதான் எல்லாம் ஒரே இயந்திரத்தின் சக்கரங்கள் என்று தெரிந்தது.

இடைக்காலத் தடை கேட்டு வருபவரிடம் நீதிமன்றம் மூன்று கேள்விகள் கேட்கும் என்றது குடிமுறை நடைமுறைச் சட்டம். உன் பக்கம் முதல் பார்வைக்காவது நியாயம் தெரிகிறதா? தடை கொடுத்தால் அவனுக்கு வரும் கஷ்டம் அதிகமா, கொடுக்காவிட்டால் உனக்கு வரும் கஷ்டம் அதிகமா? பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத கேடு ஏதும் உனக்கு வந்துவிடுமா? மூன்றிலும் பதில் கேட்டவர் பக்கம் இருந்தால்தான் தடை. முதல் கேள்வியிலேயே கம்பெனியை நிறுத்திவிட்டால் போதும்.

எப்படி நிறுத்துவது என்பதை அறிவுசார் சொத்துரிமைப் பாடம் சொன்னது. ஒரு வடிவத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அது புதியதாக இருக்க வேண்டும். பதிவுக்கு முன்பே ஊரறிய விற்ற வடிவம் புதியதல்ல. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தாலும், இந்த ஒரு காரணம் நிரூபணமானால் அது செல்லாது.

நிரூபணமானால். அங்கேதான் மூன்றாவது சக்கரம் வந்து மாட்டியது. அவள் விழுந்த பாடம்.

* * *

நீதிபதி பதில் தாக்கல் செய்ய அவகாசம் கொடுத்திருந்தார். ஆன் மேரி முதலில் செய்த காரியம் கம்பெனியின் பொம்மையை இணையத்தில் வாங்கியது. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து, அதை ஷெட்டிலேயே தங்கள் பெட்டிக்காரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

அதே கன்னம், அதே கை, புடவையில் அதே மடிப்பு. உயரம்தான் கொஞ்சம் குறைவு.

"சின்னதா செஞ்சிருக்கான். மண்ணு மிச்சம் புடிக்கறான்" என்றாள் லீமா.

ஆன் மேரி அளவுகோலை எடுத்தாள். தங்களுடையது எட்டு அங்குலம். அவர்களுடையது ஏழு. எட்டில் ஒரு பங்கு குறைவு. அவள் அளவுகோலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"அக்கா. சூளையில இருந்து வந்த நம்ம பொம்மை மேல ஒருத்தன் பிளாஸ்டர ஊத்தி மோல்டு எடுத்தா என்னா ஆவும்?"

"என்னா ஆவும், பொம்மை வரும்."

"எவ்ளோ உயரத்துக்கு?"

லீமா விரல்களை விரித்துக் கணக்குப் பார்த்தாள். "மோல்டு எட்டு இருக்கும். மண்ணு சுருங்கும்..." கம்பெனியின் பொம்மையை வெடுக்கென்று கையில் எடுத்தாள். "ஏழு."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவ்வளவு தெரிந்திருந்ததாலேயே அதை ஒரு சாட்சி என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. காகிதம் மட்டும்தான் சாட்சி என்று ஆன் மேரியும் நினைத்திருந்தாள்.

"இரு, இரு" என்று லீமா பொம்மையைத் திருப்பினாள். பெட்டியின் பின்பக்கம், அடியில், வலது மூலையில், அந்தக் கட்டி. கொஞ்சம் சிறுத்து, கொஞ்சம் மழுங்கி இருந்தது. அதன்மேல் தங்க வர்ணம் பூசியிருந்தார்கள்.

ஆன் மேரி கம்பெனியின் பதிவுக் காகிதங்களை அவசரமாகப் புரட்டினாள். வடிவத்தில் புதுமையான அம்சங்கள் என்று அவர்கள் தந்திருந்த விவரத்தில், கன்னத்தில் வைத்த கைக்கும் புடவை மடிப்புக்கும் அடுத்தபடியாக, 'பெட்டியின் மூலையில் அமைந்த பித்தளைக் குமிழ்' என்று இருந்தது.

அவள் வாசித்துக் காட்டியதும் லீமா மண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பித்தளையாடி அது? நான் சீவாம உட்ட கட்டிடி."

கட்டியோடு வெளியே போன பெட்டிக்காரிகள் திருவிழாக் கூடையில் இருந்தவை மட்டும்தான். கம்பெனிக்காரர் யாரோ அங்கே வந்து, மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு செகண்ட்ஸைப் பொறுக்கி எடுத்துப் போயிருக்கிறார். அதில் ஒன்றாவது இப்போது கைக்குக் கிடைக்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் பாப்கார்ன் கடை போட்டிருந்த பெரியப்பா மகன் ஜூடுக்கு ஆன் மேரி போன் செய்தாள்.

"எங்க வூட்டு பிரிஜ்ஜு மேல ஒண்ணு குந்தியிருக்குது" என்றான் ஜூடு. "அம்மா வாங்குனது. கடைய போட்டோகூட எடுத்தேனே, உங்கக்கா கூடை மேல கால வச்சிக்கிட்டு சண்டைக்கி நிக்கிற மாதிரி."

"அந்த போட்டோவ அழிச்சிடாத. அந்த போனையும் மாத்திடாத. ஒரு சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போடணும்."

"போட்டோவுக்கு எதுக்குடி சர்ட்டிபிகேட்டு?"

"மின்னணுப் பதிவ சும்மா நீட்டுனா கோர்ட்டு வாங்காது. எந்தக் கருவி, யாரு வச்சிருந்தது, மாத்தாம எடுத்ததான்னு எழுதிக் குடுக்கணும். பழைய சட்டத்துல அறுபத்தஞ்சு பி. புதுசுல அறுபத்து மூணு." சொல்லிவிட்டு, புதிய எண் தானாக வாயில் வந்ததை நினைத்து அவளுக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

பிறகு இருவரும் சோதனையில் இறங்கினார்கள். பிரிஜ்ஜின் மேலிருந்து இறங்கி வந்த பொம்மைக்கு சோப்புக் கரைசல் பூசி, பிளாஸ்டர் ஊற்றி, மோல்டு எடுத்தார்கள். மோல்டு காயும்வரை லீமா அதை வெயிலுக்கும் நிழலுக்கும் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். மண் ஊற்றினார்கள். கட்டியைச் சீவவில்லை. எஸ்டேட்டின் பொதுச் சூளை மேலாளர் தானே அளந்து ஏற்றி, தன் கையாலேயே இறக்கி அளந்தார். சுருக்கத்தைப் பற்றிப் பிரமாணப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார்.

இறக்கிய பொம்மையைக் கம்பெனியின் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் தலைமேலும் அளவுகோலைப் படுக்கவைத்தாள் லீமா. அது ஒரு பக்கமும் சாயவில்லை.

* * *

விருத்தாசலம் கோர்ட்டில் அன்று மின்விசிறிகள் ஓடியும் புழுக்கமாக இருந்தது. கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் திருமால் என்ற வழக்கறிஞர். வெள்ளைக் கழுத்துப் பட்டை கசங்காமல், குரல் உயராமல் பேசினார். பதிவுச் சான்றிதழைக் காட்டினார். இரண்டு பொம்மைகளின் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தார். "வேறுபாடு கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம், கனம் கோர்ட்டார் அவர்களே. கற்பனை எங்களுடையது. இவர்கள் பிரதி எடுத்திருக்கிறார்கள்."

நீதிபதி ஆன் மேரியைப் பார்த்தார். "உங்களுக்கு வழக்கறிஞர் இல்லையா?"

"நானே பேசுகிறேன் அம்மா. நான் இரண்டாம் பிரதிவாதி. கடைசி வருடம் சட்டம் படிக்கிறேன்."

பின்வரிசையில் வளவன் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் லீமா, மடியில் அட்டைப் பெட்டி.

ஆன் மேரி மேசைமேல் மூன்று பொம்மைகளை வைத்தாள். "இரண்டும் ஒரே மாதிரி இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்பதையும் மறுக்கவில்லை. எதிலிருந்து எது என்பதுதான் கேள்வி. மண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு அம்மா. அது சுருங்கும், பெரிதாகாது. தாய்ப் பொம்மையிலிருந்து மோல்டு எடுத்தால் பிள்ளை தாயைவிடச் சின்னதாகத்தான் வரும். இது எங்கள் பொம்மை, எட்டு அங்குலம். இது அவர்களுடையது, ஏழு. இது எங்களுடையதிலிருந்து நாங்களே எடுத்துச் சுட்டுப் பார்த்த பிரதி. அதுவும் ஏழு. சூளை மேலாளரின் பிரமாணப் பத்திரம் இணைத்திருக்கிறோம். சிறியதிலிருந்து பெரியது பிறக்க வழியில்லை. சாட்சியச் சட்டம் பிரிவு பதினொன்று..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அருவி மறுபடியும் கொட்டத் தொடங்கிவிட்டது.

"மன்னிக்கவும் அம்மா. புதிய சட்டத்தில் ஒன்பது."

"எனக்கும் முதலில் பழைய எண்தான் வருகிறது" என்றார் நீதிபதி. "சொல்லுங்கள்."

"சென்னையில் நடந்த குற்றத்துக்கு ஒருவரைப் பிடிக்கிறார்கள். அன்றைக்கு அவர் லடாக்கில் இருந்தார் என்று காட்டினால், அந்த ஒரு செய்தியே அவரைக் குற்றத்திலிருந்து விலக்கிவிடும். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. சட்டமே தரும் உதாரணம் இது. அவர்களுடையது மூலம் என்பதும், அது எங்களுடையதைவிட ஒரு மோல்டு சின்னது என்பதும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது."

திருமால் எழுந்தார். "இன்றைக்குக் கணினி இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது. எங்கள் பொம்மையை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, அச்செடுத்து, அதில் மோல்டு செய்திருக்கலாமே? உயரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது."

நீதிபதி தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டார். லீமா அட்டைப் பெட்டியை இறுகப் பிடித்தாள்.

"அந்த வழி உண்டு" என்றாள் ஆன் மேரி. "அதனால் உயரத்தோடு நிறுத்தவில்லை. வாதியின் பதிவு விவரத்தில் புதுமையான அம்சம் என்று ஒரு பித்தளைக் குமிழைச் சொல்லியிருக்கிறார்கள். வாதியின் பொம்மையைத் திருப்பிப் பார்க்க வேண்டுகிறேன்."

நீதிபதி பொம்மையை வாங்கித் திருப்பினார். "இந்தத் தங்கப் புள்ளியா?"

"ஆமாம் அம்மா. பெட்டிக்கு மூலைகள் பல இருக்கின்றன."

நீதிபதி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மற்ற மூலைகளில் குமிழ் இல்லையே?" என்று திருமாலிடம் கேட்டார்.

திருமால் பக்கத்தில் இருந்த கம்பெனி ஆளிடம் குனிந்து கேட்டார். அந்த ஆள் கையை விரித்தார். "அது வடிவமைப்பாளரின் கற்பனை" என்றார் திருமால்.

"அது எங்கள் மோல்டில் பெயர்ந்த பள்ளம்" என்றாள் ஆன் மேரி. "பெயர்ந்த மோல்டைக் கொண்டுவந்திருக்கிறோம். பள்ளத்தில் மண் உட்கார்ந்து கட்டி வரும், கத்தியால் சீவிவிடுவோம். தை மாதத் திருவிழாவுக்குச் சுட்ட ஈட்டில் மட்டும் சீவ மறந்துவிட்டோம், செகண்ட்ஸாக விற்றோம். முதலில் காட்டிய எங்கள் எட்டு அங்குலப் பொம்மை அதில் ஒன்று. கடையின் படமும் சான்றிதழோடு இருக்கிறது. கூடையில் கட்டியோடு இருப்பவை தெரியும். வாதி பதிவு செய்தது அதற்குப் பிறகு வந்த சித்திரையில். எங்கள் பொம்மையை நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்திருந்தால், அவர்களுடைய கற்பனை எங்கள் மோல்டில் பெயர்ந்த பள்ளமாக வந்து விழுந்திருக்க வேண்டும், அதுவும் அவர்கள் பதிவுக்கு முன்பே. அவர்கள் எங்களிடமிருந்து எடுத்திருந்தால் விளக்கம் சுலபம். எங்கள் தவறையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்குத் தங்கம் பூசிவிட்டார்கள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வளவனாக இருக்கலாம்.

நீதிபதி லீமாவை அழைத்து மோல்டைக் கேட்டார். பதினைந்து வருடமாகப் பிளாஸ்டர் தூக்கிய கைகளால் லீமா அதைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்து வைத்தாள். நீதிபதி திருவிழாப் பொம்மையை எடுத்து அதன் கட்டியைப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கம்பெனியின் பொம்மையை எடுத்து அந்தத் தங்கப் புள்ளியை விரலால் தடவினார்.

உத்தரவை அவர் அங்கேயே சொல்லித் தட்டச்சு செய்யவைத்தார். பதிவு செல்லுமா செல்லாதா என்ற இறுதிக் கேள்வி உயர் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. அதுவரை பிரதிவாதிகளை நிறுத்திவைக்க வேண்டுமா என்பதுதான் இங்கே பிரச்சினை. வாதியின் பொம்மையே, வாதியின் பதிவு விவரமே, வாதிக்கு எதிராகப் பேசுகின்றன. முதல் பார்வைக்கு வாதியின் பக்கம் நியாயம் தெரியவில்லை. பருவத்தில் விற்காவிட்டால் கஷ்டம் பிரதிவாதிகளுக்கே. இடைக்காலத் தடை மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

லீமாவுக்குக் கடைசி வரி மட்டும்தான் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

வராண்டாவில் திருமால் அவர்களிடம் வந்தார். கம்பெனி ஆள் தூரத்தில் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கல்லூரிம்மா?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டுக்கொண்டு, சற்றுத் தயங்கினார். "வீட்டில் கொலு வைப்போம். அந்த ஜங்ஷன் செட்டு ஒன்று கிடைக்குமா?"

"குடுக்கலாம் சார்" என்றாள் லீமா. "குமிழு வச்சதா, வைக்காததா?"

திருமால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வளவன் வந்து ஆன் மேரியின் தோளில் தட்டினார். "அரியர முடிச்சிட்டு நேரா எங்க ஆபீசுக்கு வந்துரு. மேசை காலியா இருக்குது."

நவராத்திரிக்கு முன்பே கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜங்ஷன் செட்டுகள் வைக்கோல் சுற்றி அட்டைப் பெட்டிகளில் ஏறி லாரியில் போயின. கதை ஊரில் பரவி, டீக்கடைகளில் ஒவ்வொருவரும் தாங்களே வாதாடியதைப் போல அதைச் சொன்னார்கள். பழமலைநாதர் கோயில் கடைத்தெருவில் 'தங்கக் கட்டி வைத்த பெட்டிக்காரி' கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

அரியர் தேர்வில் ஆன் மேரிக்கு வந்த கேள்வி, சம்பந்தமில்லாத செய்திகள் எப்போது சம்பந்தமுள்ளவை ஆகும் என்பது. எண்ணை முதலில் எழுதி அடிக்கோடிட்டாள். சென்னை, லடாக் உதாரணத்தை எழுதினாள். பிறகு தாளைத் திருப்பி, எட்டு அங்குலப் பெண்ணையும் ஏழு அங்குலப் பெண்ணையும் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். தேறியபோது அந்தத் தாள்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் அதிக மதிப்பெண் வாங்கித் தந்திருந்தது.

முடிவு வந்த அன்று அவள் ஷெட்டுக்குப் போனாள். லீமா ஈரம் காயாத பெட்டிக்காரி ஒன்றைத் திருப்பிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, இனிமே கட்டிய உட்டுரலாமே. எல்லாரும் அதத்தான கேக்கறாங்க. நம்ம முத்திரை மாதிரி இருக்கட்டும்."

"கோர்ட்டுல ஜெயிச்சாலும் செகண்ட்ஸு செகண்ட்ஸுதாண்டி வக்கீலு" என்று சொல்லிவிட்டு லீமா கத்தியை வைத்து, மூலையைப் பார்த்து, ஒரே இழுப்பில் அதைச் சீவி எறிந்தாள்.

'அரியர்' என்ற சொல் அதில் இல்லை என்பதை ஆன் மேரி கவனித்தாள். ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.